பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் படித்தாக வேண்டும் என்று
அக்டோபரில் கொடுத்தார்கள்.
எனக்கு வந்தது முதுகு ஒடிந்த பிரதி.
மெயின் மாநிலத்தில், ஆற்று வளைவில் எங்கள் ஊர்.
காற்று திரும்பினால் காகித ஆலையிலிருந்து
அழுகிய முட்டை வாடை.
அந்தப் புத்தகத்தின் தாளும் இங்கே செய்ததாக இருக்கலாம்.

கதையில் டெரெக் என்றொரு பையன்.
முதல் அத்தியாயத்தில் கால்பந்து,
மூன்றாவதில் கறுப்புக் கோட்டுக்காரன் நீட்டும் ஒரு மாத்திரை,
ஏழாவதில் சவப்பெட்டி.
நடுவில் யாருக்கும் பசிக்கவில்லை,
யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.

ஓரங்களில் எனக்கு முன்னால் படித்தவர்கள் இருந்தார்கள்.
பென்சிலில்: காதில் பூ.
பச்சை மையில்: இலவசமா யாருடா தர்றான்? முகவரி கொடு.
உருண்டை எழுத்தில் ஒருத்தி:
டெரெக் கண்ணா, ஒரே மாத்திரைக்கா நாற்காலி பேசுது?
நான் தனியாகச் சிரித்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கறுப்புக் கோட்டு வரவில்லை.
வந்தது பல் டாக்டரின் சீட்டு.
லூசியனுக்குக் கடைவாய்ப் பல் நான்கையும் பிடுங்கியபோது
அலாரம் வைத்து எழுந்து
அம்மாதான் கொடுத்தாள், ஆப்பிள் கூழோடு.

முதல் வாரம் பயங்கரமாக இருந்திருந்தால்
நான் டெரெக்கை நம்பியிருப்பேன்.
முதல் வாரம் அண்ணன் அத்தனை நல்லவன்.
பாத்திரம் கழுவினான்,
என் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்,
ஒரு வருஷமாகப் பேசாத அப்பாவோடு
மீன்தூண்டில் பற்றிப் பேசினான்.
ஜன்னலோரம் நின்று பனி விழுவதைப் பார்த்து
‘மரீஸ், எதுவுமே வலிக்கலை’ என்றான்.
பல்லைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

டெரெக்கின் கண் சிவந்ததாம்.
இல்லை. கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும்.
டெரெக் கத்தினானாம்.
லூசியன் மெதுவாக மன்னிப்புக் கேட்பான்,
சில நாள் எடுப்பதற்கு முன்பே.
மூக்கில் மருந்து அடித்து எழுப்பிய டெரெக்கின் தோழன்
நன்றி சொல்லி அழுதானாம்.
லூசியன் கண் திறந்து,
குளியலறைத் தரையில் கிடந்தபடி,
‘ஏன் எழுப்பினீங்க?’ என்றான்.
அந்தக் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் இல்லை.
டெரெக்குக்கு ஏழு அத்தியாயம் போதும்.
எங்களுக்கு இது நான்காவது குளிர்காலம்.

இதையெல்லாம் எழுத ஓரத்தில் இடம் ஏது?
பொய் என்று மட்டும் எழுதினேன்.
நாற்பத்தோரு இடத்தில்.

அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு வந்தது.
டெரெக்கின் அம்மா விளக்கை அணைக்கிறாள்.
எழுதியவர் கவனிக்காத நேரத்தில் உள்ளே நுழைந்ததுபோல்
ஒரே ஒரு வாக்கியம்:
கைப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

அங்கே யாரும் கேலி செய்யவில்லை.
ஒரு சொல்கூட இல்லை.
வாக்கியத்தின் கீழே கோடு.
பென்சில் கோடு. அதன் கீழ் பச்சை.
அதன் கீழ், தாள் கிழியும்வரை அழுத்திய ஒன்று.
ஆறு எண்ணினேன்.
அன்று முதல் பெட்ரோல் பங்கில், மளிகைக் கடை கல்லாவில்
யார் பச்சைப் பேனா வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

‘நம்பும்படி இருந்ததா?’ என்று கேட்டார் மிஸ்டர் வெய்ர்.
வகுப்பு முழுக்கச் சிரிப்பு.
என்னைப் பார்த்தார்.
இல்லை என்றேன். அது உண்மைதான்.
இன்னொன்றும் இருந்தது,
அதற்கு அவர் கேள்வியில் இடமில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி போன வெள்ளி.
நாளுக்குப் பத்து சென்ட் அபராதம்.
அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.
தருவாள்.
பையைத் திறக்கும்போது மட்டும்
எனக்கு முதுகைக் காட்டிக்
கொஞ்சம் திரும்பி நின்றுகொள்வாள்.